ஞானம் அண்ணாச்சிக்குச் சொல்லாமல் விட்ட ஒன்பது நாள்

போர்ட் பிளேரிலிருந்து வந்த உறையின் மேலிருந்த கையெழுத்து எனக்குப் பழக்கமில்லாதது. வாசலில் நின்றபடியே பிரித்தேன். சாத்தம் மர ஆலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் நாலே வரி எழுதியிருந்தார். ஞானப்பிரகாசம் அண்ணாச்சி நெஞ்சுவலி என்று உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். மறுநாள் அடக்கமும் முடிந்ததாம்.

அந்தக் கடிதம் கப்பலேறிக் கடல் தாண்டிப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்வதற்குள் அவர் மண்ணுக்குள் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு நாளும் அவர் உயிரோடு இருக்கிறார் என்ற நினைப்பிலேயே நான் சாப்பிட்டேன், தூங்கினேன். ஒருநாள் அவர் சொன்ன வேடிக்கை ஒன்றை வீட்டில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். அதைவிடக் கொடுமை, அவருக்கு ஆறு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்திருக்கிறேன். பத்து வருஷமாக எழுத நினைத்து எழுதாமல் இருந்த கடிதம் அது. அண்ணாச்சியின் நினைவாக நண்பர்கள் ஒரு சிறு மலர் அச்சிடுகிறார்கள், அதற்கு எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவரைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை கிடைத்துத்தான் நான் அந்தமானுக்குப் போனேன். சென்னையில் கப்பலேறிய முதல் நாளே குடல் வெளியே வராத குறை. சாத்தம் துறையில் இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை, டிரங்குப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆலையிலிருந்து மரத்தூள் அப்பிய தலையோடு ஒருவர் வந்து எதிரே நின்றார்.

"எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை."

"அப்ப நம்ம பக்கந்தான். எனக்குத் தூத்துக்குடி. கடலு உங்கள வேண்டாம்னு துப்பிட்டுது தம்பி. தீவு ஏத்துக்கிடும், எந்திரிங்க."

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சாத்தத்தை ஊரோடு சேர்க்கும் பாலத்தில் முன்னால் நடந்தார். அன்று முதல் அவர் எனக்கு ஞானம் அண்ணாச்சி, நான் அவருக்குக் கிளார்க் தம்பி. அவர் மனைவி ரோஸம்மாளை நான் மதினி என்று அழைத்தேன். கல்யாணம் ஆகாமல் இருந்த வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு எனக்கு அந்த வீட்டில்தான்.

வீடு என்று சொல்லிவிட்டேன். அப்போது அவர்களுக்குச் சொந்த வீடு இல்லை, வாடகைக் குடித்தனம்தான். மின்னி பேயில் கடலைப் பார்த்த ஒரு மேட்டில் மனை இருந்தது, அவ்வளவுதான். ஆலையில் ஒதுக்கிப் போடும் பலகைகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, வேலை முடிந்த பிறகு ஒவ்வொன்றாகச் சுமந்துகொண்டுபோய்ச் சேர்த்தார். முதலில் கிடைத்தது படாக் என்ற சிவந்த, கெட்டியான தீவு மரத்தின் பலகை. அதில் கதவு செய்தார். சுவர் எழும்பும் முன்பே நிலையை நட்டுக் கதவை மாட்டிவிட்டார். ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த மேட்டில் கதவு மட்டும் நின்றது. சாயங்காலம் புறப்படும்போது அதைப் பூட்டுவார். மதினி தலையில் அடித்துக்கொள்வார்.

"சுத்தி நாலு பக்கமும் தொறந்து கிடக்கு, இதுக்குப் பூட்டு ஒரு கேடா?"

"கள்ளன் வந்தா வாசல் வழியாத்தான வருவான்? மருவாதி தெரிஞ்ச கள்ளனா இருப்பான்" என்பார் அண்ணாச்சி.

நாலு வருஷத்தில் அந்தக் கதவைச் சுற்றி வீடு எழும்பியது. ஃபாதர் வந்து மந்திரித்தார். அன்றைக்கு அண்ணாச்சியின் முகம் இருந்த இருப்பை நான் இன்றும் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் தீவுக்காரர்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடிதங்கள் கப்பலில் வரும், கப்பலில் போகும். நாம் எழுதியது போய்க்கொண்டிருக்கும்போதே அவர்கள் எழுதியது வந்துகொண்டிருக்கும், இரண்டும் நடுக்கடலில் தாண்டிவிடும். ஆகவே கடிதம் கைக்கு வந்ததும் எங்கள் முதல் கேள்வி, "நம்ம கடுதாசியப் பாத்து எழுதினதா, பாக்காம எழுதினதா?" என்பதுதான். பார்க்காமல் எழுதியது என்றால் அதற்கு மதிப்பில்லை. அடுத்த கப்பலில் சரியான பதில் வரும் என்று பெட்டியில் போட்டுவிடுவோம். மேய்ன்லேண்டில், கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இது விளங்காது. எங்களுக்கு அது மூச்சு விடுவதுபோல் பழகிப்போயிருந்தது.

அண்ணாச்சிக்குச் சொந்தமாக ஒரு படகு வேண்டும் என்று ஆசை வந்தது. கடற்கரையில் பிறந்தவர், ஆசை வராமல் இருக்குமா? சென்னை வியாபாரி ஒருவரிடம் வீட்டையும் மனையையும் அடமானம் வைத்து, இயந்திரம் பொருத்திய படகு வாங்கினார். நடுவில் தவணைகள் தவறின. வியாபாரி தம் ஏஜெண்டு மூலம் எங்கள் நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டு, வீட்டை ஏலம் விடலாம் என்று தீர்ப்பு வாங்கிக்கொண்டார். ஆனாலும் அண்ணாச்சி நேரில் கேட்டுக்கொண்டதால் தீர்ப்பை நிறைவேற்றாமல் பொறுத்திருந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மழைக்காலத்தில் படகு பவளப்பாறையில் மோதி உடைந்தது. ஆட்கள் நீந்திப் பிழைத்தார்கள். கயிறு, டீசல், வலை என்று கடன் கொடுத்த கடைக்காரர்கள் எல்லோரும் அந்தப் படாக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

இன்சால்வென்ஸி மனு, அதாவது திவால் மனு, போடுங்கள் என்று யோசனை சொன்னவன் நான். மனுவை எழுதியவனும் நானே.

"கோர்ட்டு மனுவ வாங்கிட்டுன்னா ஒருத்தரும் உங்க வாசல்ல வந்து நிக்க முடியாது அண்ணாச்சி."

"வீடு?"

"வீட்டையும் தொட முடியாது."

கடைக்காரர்கள் வருவது உண்மையிலேயே நின்றது. நான் ஏதோ பெரிய வக்கீல் ஆகிவிட்டதுபோல் மதினி எனக்கு அன்று கோழி அடித்தார். மனு போட்ட விவரத்தைச் சென்னை வியாபாரிக்கும் ஒரு கடிதமாக எழுதிக் கப்பலில் அனுப்பினோம்.

அடுத்து வந்த கப்பலில் அண்ணாச்சிக்கு இரண்டு தபால்கள் இருந்தன. ஒன்று வியாபாரியின் வக்கீல் அனுப்பிய ரெஜிஸ்டர் நோட்டீஸ். நோட்டீஸ் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால், கையிலிருக்கும் தீர்ப்பின்படி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவருவோம் என்று இருந்தது. அதில் பன்னிரண்டு நாளைக் கடல் தின்றிருந்தது. இன்னொன்று தூத்துக்குடியிலிருந்து அவர் தங்கை எழுதியது. படகு போன செய்தி கேட்டு அழுததாகவும், தோப்பை விற்ற பணம் கையில் இருப்பதாகவும், அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் அனுப்புவதாகவும், இல்லையென்றால் மகளின் கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்.

அண்ணாச்சி இரண்டையும் என் மேஜைக்குக் கொண்டுவந்தார்.

"இந்தக் காகஜ் என்ன சொல்லுது தம்பி? நம்ம கடுதாசியப் பாத்து எழுதினதா?"

நான் தேதியைப் பார்த்தேன். எங்கள் கடிதம் போய்ச் சேரும் முன்பே எழுதப்பட்டது.

"பாக்காம எழுதினது அண்ணாச்சி. மனு போட்டது அவங்களுக்குத் தெரியாது. அடுத்த கப்பல்ல வேற மாதிரி எழுதுவாங்க."

"அப்ப தங்கச்சி பணம் வேண்டாம்லா? பொம்பளப் பிள்ள கல்யாணக் காசு."

"வேண்டாம்."

வேண்டாம் என்று தங்கைக்கு அவர் சொல்லச் சொல்ல, நானே எழுதினேன். நோட்டீஸைப் பெட்டியில் போட்டார். அடுத்த கப்பல் வந்தது. வியாபாரியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. "கப்பல் வரட்டும், தெரியும்" என்றார் அண்ணாச்சி, எப்போதும் சொல்வதுபோல.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஏதோ பேச்சில் எங்கள் தலைமை எழுத்தரிடம் இதைச் சொன்னேன். வங்காளி, சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்சால்வென்ஸி அலக் ஹை, மார்ட்கேஜ் அலக் ஹை. கர் தோ ஜாயேகா, பாய்."

அது வேறு, இது வேறு, வீடு போகத்தான் போகும் என்றார். புத்தகத்தை எடுத்து விரலை வைத்தும் காட்டினார். கடைக் கடன்காரர்களைத்தான் மனு நிறுத்தும். வீட்டை அடமானமாகப் பிடித்துவைத்திருப்பவரை அது ஒன்றும் செய்யாது. நோட்டீஸ் எங்கள் கடிதத்தைப் பார்த்து எழுதியதா, பார்க்காமல் எழுதியதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. முப்பது நாள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தந்தி ஆபீஸ் எங்கள் நீதிமன்றத்திலிருந்து கூப்பிடு தூரம். பணம் அனுப்பு என்று தங்கைக்கு இரண்டு வார்த்தை அடித்திருக்கலாம். அன்று சாயங்காலம் மின்னி பேக்குப் போனேன். அண்ணாச்சி ஜன்னலுக்குச் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார். "வாங்க வக்கீலய்யா" என்று கேலியாக எழுந்து நின்றார். தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல வெட்கம். காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன். வியாபாரி மனம் இரங்குவார், ஏஜெண்டு மறந்துவிடுவார் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். இப்படி ஒன்பது நாள் போனது. என் ஆயுளில் நான் செய்த கேவலமான காரியம் அந்த ஒன்பது நாள்தான்.

பத்தாம் நாள் காலையில் நீதிமன்ற அமீனா ஏல அறிவிப்பை எடுத்துக்கொண்டு மின்னி பேக்குப் போனார். என்னையும் கூட அனுப்பினார்கள். அமீனா கதவில் காகிதத்தை வைத்து ஆணி அடித்தார், ஆணி வளைந்தது. இன்னொன்று அடித்தார், அதுவும் வளைந்தது. அண்ணாச்சி காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் துளையிடும் கருவியை எடுத்துவந்தார்.

"படாக் பாய் இது. சும்மா அடிச்சா ஆணி வளையும். முதல்ல ஓட்டை போடணும். ஹட்டோ, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க."

நாலு மூலைக்கும் அளந்து துளை போட்டு, தம் வீட்டு ஏல அறிவிப்பைத் தாமே கோணாமல் அடித்துக்கொடுத்தார். மதினி அமீனாவுக்கு டீ கொண்டுவந்தார். நான் வீட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். கப்பலில் வந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அன்றே தூத்துக்குடிக்குத் தந்தி போனது. மறுநாள் பதில் வந்தது. நான்கு நாளுக்கு முன்னால் நிச்சயம் முடிந்து, பணம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. நான் தலைமை எழுத்தரிடம் கேட்ட அன்றே சொல்லியிருந்தால் பணம் தங்கையின் கையில்தான் இருந்திருக்கும். இந்தக் கணக்கை நான் எத்தனை முறை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் அதே விடைதான் வருகிறது.

வீடு ஏலத்தில் போனது. அண்ணாச்சியும் மதினியும் பத்துபஸ்தியில் ஒரு வாடகை அறைக்குப் போனார்கள். நான் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டேன். அவர்தான் என்னைத் தேடி வருவார். ஒருநாள் வந்து, மின்னி பே வீட்டை வாங்கியவர்கள் மழைக்குக் கதவு உப்பிவிட்டது என்று தச்சரைத் தேடினார்களாம், ஆலையில் கேட்டிருக்கிறார்கள், தம்மைத்தான் அனுப்பினார்கள் என்றார்.

"போனீங்களா அண்ணாச்சி?"

"போனேன். ரெண்டு இழை எடுத்தேன், நல்லா மூடுது. கூலி குடுத்தாங்க."

"வாங்கினீங்களா?"

"வேலைக்குக் கூலி வாங்கணும்லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கதவைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

நான் ஓய்வுபெற்று ஊருக்குப் புறப்பட்ட அன்று சாத்தம் துறைக்கு வந்தார். அதே டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக் கப்பல்வரை சுமந்தார், தடுத்தும் கேட்கவில்லை. ஏணிக்குப் பக்கத்தில் நின்று, "தம்பி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். நான் டிக்கெட்டைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சரி விடுங்க. எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே போங்க, குமட்டாது" என்று கையில் இரண்டு பழத்தைத் திணித்தார்.

அவர் என்ன கேட்க நினைத்தார் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த ஒன்பது நாளையும் ஒன்றுவிடாமல் எழுதித்தான் அந்த ஆறு பக்கக் கடிதத்தை அனுப்பினேன். அவர் இறந்து நாலாவது நாள் அதைத் தபாலில் போட்டிருக்கிறேன். அவருடைய மரணச் செய்தி எனக்கு வந்த வழியில்தான் என் கடிதம் அவரிடம் போயிருக்கிறது. எங்கோ நடுக்கடலில் இரண்டும் தாண்டியிருக்கும்.

நேற்று மதினியிடமிருந்து கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு எழுதியிருக்கிறார். அவர் வாய்ச்சொல் அப்படியே இருக்கிறது.

"தம்பி, அவுகளுக்கு நீங்க போட்ட கடுதாசி வந்துது. தபால் முத்திரையில தாரீக்கப் பாத்தோம். அவுக போன சேதி சொன்ன நம்ம கடுதாசியப் பாக்காம எழுதினதுதான். அதனால பிரிக்கல, பெட்டியில வச்சிருக்கேன். மனசத் தேத்திக்கிடுங்க. கடைசிவரைக்கும் உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தாக. கிளார்க் தம்பி இல்லாட்டி நாம என்ன ஆயிருப்போம்னு சொல்லுவாக."

இதைப் படித்துவிட்டு நான் அழுத அழுகையை இங்கே எழுதப்போவதில்லை.

மதினி, இந்த மலர் உங்கள் கைக்கு வரும். யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்ட பிறகு பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தைப் பிரியுங்கள், பழசு என்று விட்டுவிட வேண்டாம். படித்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

அண்ணாச்சி, மேட்டில் ஒற்றைக் கதவை நட்டு, நாலு பக்கமும் திறந்து கிடக்க, நீங்கள் அதைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு இறங்கி வருவீர்கள். நான் கீழே நின்று சிரிப்பேன். உங்களை அப்படியே நினைத்துக்கொண்டு கும்பிடுகிறேன். ஒன்பது நாளும் உங்கள் எதிரே உட்கார்ந்து காபி குடித்தேன், அப்போது சொல்லவில்லை. கடைசியில் நானும் பார்க்காமல்தான் எழுதினேன்.