ஆயுத பூஜைக்கு அணைத்த சர்வர்

கருப்பசாமியை நம்பி வந்திருக்கும் சொந்தங்களே, என் மடத்தனத்தை நானே சொல்ல வந்திருக்கிறேன்.

இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். பாளையம்பட்டியில் என் அறையில், தளங்களை இணையத்தில் ஓட்டும் ஒரு பழைய சர்வர் கணினி பதினோரு வருடம் நிற்காமல் ஓடியது. அதில் முப்பது பழைய தளங்கள். புது சர்வர் வாங்கி மூன்று மாதமாகியும் நான் பெட்டியைப் பிரிக்கவில்லை. புதியதில் ஏற்றினால் பழைய தளங்களில் பாதி வேலை செய்யாது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்த வேண்டும். அந்தக் குப்பைக்கு எவன் உட்காருவான் என்று விட்டுவிட்டேன். பேக்கப்பும் எடுத்து வைத்திருந்தேன், அதே சர்வரின் இன்னொரு மூலையில். என் அறிவு அவ்வளவுதான்.

அந்த முப்பது பேரில் நான் அதிகம் இளக்காரமாக நினைத்தது பரளச்சி வாத்தியாரை. ஓய்வு பெற்றவர். திருச்சுழிப் பக்கத்தில் ரத்தம் கொடுக்கிறவர்களின் பெயரும் போன் நம்பரும் சேர்த்து ஒரு தளம் வைத்திருந்தார். மாதா மாதம் பஸ் ஏறி வந்து பென் டிரைவை நீட்டுவார்.

"தம்பி, நம்ம லிஸ்ட்ட இதுல ஒரு காப்பி போட்டுக் குடுங்க. கருப்பசாமி படத்துக்குப் பின்னால வச்சிருப்பேன்."

எனக்குச் சிரிப்பாக வரும். அவருடைய கோப்பை மட்டும் தேடிப் பிரிக்கக்கூட எனக்குச் சோம்பல். முப்பது தளங்களையும் ஒரே மூட்டையாக வாரிப் போட்டுக் கொடுத்து, ஆளை அனுப்பிவிடுவேன்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு எனக்குப் பக்தி கூடிப்போனது. மற்ற வருடங்களில் ஓடுகிற சர்வருக்கே பொட்டு வைப்பேன். அன்று, ஆயுதத்துக்கு ஓய்வு வேண்டுமே என்று அதை அணைத்து, சந்தனம் பூசி மாலை போட்டேன். வருடக்கணக்கில் சுற்றிய பழைய டிஸ்க்கை நிறுத்தினால் திரும்ப எழுவது சந்தேகம் என்பது தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டேன். கர்ரக் என்று ஒரு சத்தம். அதோடு சரி. முப்பது தளங்களும் போய்விட்டன.

அந்த நேரம் திருச்சுழியிலிருந்து ஒரு போன். தளத்தின் அடியில் இருந்த என் நம்பரை அவர் முன்பே குறித்து வைத்திருந்தாராம்.

"சார், எம் மகளுக்குப் பிரசவம். ஓ நெகட்டிவ் ரத்தம் கேக்குறாக. லிஸ்ட்டு தொறக்கவே மாட்டேங்குது."

மாலை போட்ட அந்தச் சவத்தின் முன் உட்கார்ந்து அழுதேன். "கருப்பா, ஒரே ஒரு தடவை இதை ஓட விடு" என்று கேட்டேன். பத்துத் தடவை சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். ஓடவில்லை.

அரை மணி நேரம் போயிருக்கும். வாசலில் வாத்தியார் நின்றார்.

"பள்ளிக்கூடம் லீவு, பஸ்ஸுல கூட்டமில்ல. இந்த மாசக் காப்பிய எடுத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன் தம்பி."

பென் டிரைவைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். திறந்தால் முப்பது தளங்களும் போன மாதம் இருந்தபடியே இருந்தன. லிஸ்ட்டில் தேடி பாலவனத்தத்துக்காரர் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் உடனே கிளம்பினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அன்றே புது சர்வரைப் பிரித்தேன். பழைய தளங்களுக்குப் பழைய மென்பொருளை அதற்குள்ளேயே தனியாக ஒதுக்கி வைத்து, ஒவ்வொன்றாகத் திருத்தி ஏற்ற இரண்டு மாதமாயிற்று. குப்பை என்று சொன்ன வாயால் இப்போது எதையும் சொல்வதில்லை. மாதா மாதம் நானே பஸ் ஏறிப் பரளச்சிக்குப் போய் வாத்தியாருக்குக் காப்பி கொடுக்கிறேன்.

நான் கேட்டதைச் சாமி செய்யவில்லை, எனக்கு வேண்டியதைச் செய்தது. என் பக்தியால் ஒரு பிரயோசனமும் இல்லை. என் இளக்காரத்தை எடுத்துத்தான் அது வேலை பார்த்தது. என்னைப் போன்ற மடையனையே கைவிடாத சாமி உங்களையா விட்டுவிடும்? நம்பிக் கேளுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றிலிருந்து வாத்தியார் ஊர் முழுக்க, "அம்புட்டையும் சேத்துப் போட்டு வச்சாரு, தம்பிக்கு எம்புட்டு முன்யோசனை" என்று சொல்லித் திரிகிறார். இதோ முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சார், அது முன்யோசனை இல்லை. உங்களைச் சீக்கிரம் அனுப்பிவிடத்தான் அப்படிச் செய்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்.