மண்வெட்டியோடு போன குந்தவை

குந்தவை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் வயலை நோக்கி நடப்பதைப் பார்த்த ஊர், இன்றைக்கு ரத்தம் பார்க்காமல் அடங்காது என்று முடிவுகட்டிவிட்டது. ஊருக்கு வேறென்ன வேலை!

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா நிலத்தில் பங்கு கேட்டு, கேஸ் போட்டு, ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், வாங்கினாள். அதோடு அண்ணன் ரெங்கசாமி பேச்சை நிறுத்தினான். அவன் வயல் வழியாக அவளுக்குத் தண்ணீர் பாயும் மடையையும் அடைத்தான். போன வருஷம் அவளே போய் அதை வெட்டிவிட்டாள். அவன் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து மறுபடி அடைத்தான். அந்தப் போகம் கருகியது. நிலத்தை நம்பிப் பயனில்லை, ஆஸ்பத்திரி ரிசப்ஷனிலாவது உட்காரலாம் என்று கும்பகோணத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். மனசு கேட்குமா? மழையை நம்பி இந்த வருஷமும் சம்பா நட்டாள். இருபதாம் நாள் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர் இன்று சாயங்காலம் வரைதான்.

இன்று காலை வகுப்பில் ஷைலஜா டீச்சர் 'பரி த ஹாட்செட்' என்று சொல்லிக்கொடுத்தார். கோடரியைப் புதைப்பது. சண்டை போட்ட கூட்டங்கள் சமாதானமானதும் ஆயுதத்தை மண்ணில் புதைத்துவிடுமாம். பகையை விட்டுவிடுவதை அப்படிச் சொல்கிறார்கள். எல்லோரும் நோட்டில் எழுதினார்கள். குந்தவைக்குக் கை ஓடவில்லை. தங்கள் சண்டையில் கோடரி ஏது? மண்வெட்டிதான். அதைப் புதைத்துவிட்டால் மடையை எதால் திறப்பது? பாதியில் எழுந்து ஊருக்கு பஸ் பிடித்தாள்.

ரெங்கசாமி மடைமேல் நின்றான். கையில் அரிவாள்.

"கிட்ட வராத. இன்னொரு தடவ வெட்டுன, சும்மா விடமாட்டேன்."

ஆனாலும் அவள் நடந்தாள். நாலடி தள்ளி மண்வெட்டியை இறக்கி, பிடியை அவன் பக்கம் திருப்பி வரப்பில் வைத்தாள்.

"நான் வெட்ட வரலண்ணே. நீங்களே ஒங்க கையால தெறந்து விடுங்க. பயிரு சாவுது."

அடைத்தவனிடமே மண்வெட்டியைக் கொடுப்பது அந்தப் பக்கத்தில் லேசான காரியமில்லை. இனி என் தண்ணீர் உன் பொறுப்பு என்று ஒப்படைப்பது அது. ரெங்கசாமி அரிவாளைக் கீழே போட்டான்.

"இத வாயால கேக்க ஒனக்கு மூணு வருஷமா? பங்கு கேட்டதுக்கா எனக்குக் கோவம்? வக்கீல் நோட்டீஸ்ல கேட்ட பாரு, அதுக்குத்தான். வீட்டுக்கு வந்து அண்ணேன்னு கேட்டிருந்தா எட்டு மா எழுதி வச்சிருப்பேனே!"

மண்வெட்டியை எடுத்து மடையை வெட்டினான். தண்ணீர் அவள் வயலுக்குள் இறங்கியது. குந்தவை வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். இல்லையென்று சொல்லிவிடுவானோ என்ற பயத்தில், அவள் அவனை ஒரு நாளும் கேட்டதே இல்லை.