மேட்டுக் கொல்லையின் உடைப்பு

பெரியப்பா தம் மேட்டுக் கொல்லையை எங்களுக்குக் குத்தகைக்கு விடுவதாகச் சொன்னபோது அப்பா நெகிழ்ந்துபோனார். அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. நாங்கள் திருவண்ணாமலையில் குடியிருந்தோம். கொல்லை கீழ்பென்னாத்தூர் பக்கம். எங்களிடம் இருந்தது ஒரு போகத்துக்கான விதைக்கடலை மட்டும். அது வீணானால் மறுபடி விதைக்க ஒன்றுமில்லை.

அம்மாவின் சந்தேகங்கள் மூன்று. தம்பி வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறவர் நிலம் தருகிறார். நாங்கள் பார்க்கப் போன நாளுக்கு முந்தின நாள்தான் கொல்லை உழப்பட்டிருக்கிறது. மூன்றாவதைப் பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்: "ஒரு மழை பேயட்டும், பாத்துட்டு சொல்றேன்னேன். அதுக்குள்ள கையெழுத்து போடுன்றாரு."

மழைக்காகத்தான் அந்தப் பயணம். கோடை மேகம் மலையுச்சியை மறைத்ததும், அப்பாவிடம்கூடச் சொல்லாமல் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. பழைய மழைகள் அரித்து, புது உழவு மூடியிருந்த மூன்று பள்ளங்கள் திறந்துகொண்டிருந்தன. செந்தண்ணீர் அவற்றில் இறங்கி, கீழ்மூலையில் வரப்பு உடைந்த இடத்தின் வழியாக அடுத்த கொல்லைக்குள் பாய்ந்தது. அம்மா என் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலில் அதைப் பிடித்தாள்.

"பெரியப்பா கிட்ட சொல்லிடலாம்மா. வரப்ப கட்டிடுவாரு."

"நீ வாய மூடிக்கினு வா."

மறுநாள் பாட்டிலின் அடியில் விரல் தடிமனுக்கு வண்டல் படிந்திருந்தது. அம்மா அதை உள்ளங்கையில் தேய்த்து நெடுநேரம் பார்த்தாள். அந்த மாதமே குத்தகை எடுத்தாள். பெரியப்பாவின் கொல்லையை அல்ல. அதற்குக் கீழே இருந்த வேறொருவர் கொல்லையை.

பெரியப்பா ஒரு வருஷம் பேசவில்லை. பிறகு அறுவடைதோறும் அம்மா அனுப்பும் கடலை அவரைச் சமாதானப்படுத்தியது. அவித்த கடலையை உரித்துக்கொண்டே ஒருமுறை சொன்னார்: "அந்தக் கொல்லை மண்ணே தனிம்மா."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் மாமா" என்றாள் அம்மா, தலை குனிந்தபடி. அதை நான் மரியாதை என்று நினைத்தேன்.

குத்தகைக்கு வரும் நிலங்களில் மழைத்தண்ணீர் எங்கே ஓடுகிறது, எவ்வளவு மண்ணை எடுத்துப்போகிறது என்று பார்த்து எழுதுவதுதான் இன்று என் வேலை. ஒவ்வொரு வரப்பின் கீழ்மூலைக்கும் போகும்போது அம்மா ஞாபகம் வரும். வருஷாவருஷம் மழைக்கு முன்னால் அவள் பெரியப்பாவின் உடைந்த வரப்புவரை தனியாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவருடைய மண் போகிறதே என்று வருத்தப்படுகிறாள் என்றுதான் அப்போது எண்ணியிருந்தேன். உடைப்பை யாராவது அடைத்துவிட்டார்களா என்று பார்க்கத்தான் போனாள்.