எவடம் என்று கேட்ட வாய்

இலவச உணவுப் பை கொடுக்கும் தொண்டில் பை நிரப்புவது சுலபம்; வாயை அடக்குவதுதான் பெரும் பாடு. நீங்களும் எங்கேயாவது தொண்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருந்தால் நான் சொல்வது விளங்கும். மொன்றியலில் கார்ட்டியர்வில் பக்கம் ஒரு நிலவறை மண்டபத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நிற்கிறேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டில் இருந்தால் எதையாவது நினைத்துக் கவலைப்படுவேன் என்று போனேன். இப்போது அங்கே போய்க் கவலைப்படுகிறேன்.

தட்டைப் பாண்

முதல் நாளே பாணை, அந்த மெத்தென்ற ரொட்டியை, பைக்கு அடியில் வைத்து, மேலே உருளைக்கிழங்கை அடுக்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனாலும் இதுகூடத் தெரியாமலா என்று இன்னும் வெட்கம். வரிசையில் முதலாவதாக நின்ற போர்த்துக்கேயக் கிழவர் நசுங்கிப்போன பாணை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை. பிரெஞ்சில் கேட்டார்: "மதாம், இதை வெட்டிச் சாப்பிடுவதா, முத்திரை ஒட்டித் தபாலில் போடுவதா?"

இரண்டு கேள்விகள்

பொறுப்பாளர் மொனிக். வருகிறவர்களிடம் இரண்டே கேள்விதான் கேட்கலாம் என்பது அவருடைய சட்டம்: வீட்டில் எத்தனை பேர்? ஒத்துக்கொள்ளாத சாப்பாடு ஏதாவது உண்டா?

ஒரு வெள்ளி, தமிழ்ப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். முப்பது வயது இருக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தங்கச்சி, ஊரில எவடம்? ஆற்ற மகள்?" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டேன். எந்த இடம், யாருடைய மகள் என்று கேட்பது நமக்கு வணக்கம் சொல்வது மாதிரித்தானே. அவளுக்கு முகம் செத்துவிட்டது. "நான் வேற ஒரு ஆளுக்காகத்தான் வந்தனான் அக்கா. பேந்து வாறன்" என்றவள், பால், முட்டை, குழந்தைப் பால்மா எல்லாவற்றையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

மொனிக்குக்குத் தமிழ் தெரியாது. கிடந்த பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டாய், இல்லையா?"

தமிழ்க்கடை யோசனை

அடுத்த வெள்ளி அவள் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. தேத்தண்ணிக்குப் பால் ஊற்றும்போதெல்லாம் அந்தக் குழந்தை என்ன குடிக்கிறதோ என்ற நினைப்பு. விலாசம் தெரியாது. தமிழ்க்கடையில் விசாரித்து, பையைக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று செருப்பு மாட்டினேன். என் வீட்டுக்காரர் கதவடியில் மறித்தார்.

"கடையில கேட்டியெண்டால் பின்னேரத்துக்குள்ள மொன்றியல் முழுக்கத் தெரிஞ்சிடும். உன்ரை வாய் ஒண்டே போதும்."

வெங்காயத்துக்குப் பின்னால்

என் முகத்துக்குப் பயந்துதானே வராமல் இருக்கிறாள்? மொனிக்கிடம் கேட்டு மேசையை விட்டேன். மண்டபத்து மூலையில் தொங்கும் திரைக்குப் பின்னால் இருந்து, அழுகலை ஒதுக்கி வெங்காயம் பிரித்தேன்.

இரண்டு வெள்ளி கழிந்தது. மூன்றாவது வெள்ளி, அவளுடைய குரல். பிரெஞ்சில் "மூன்று பேர்" என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பால்மா பேணியைப் பையில் வைக்கும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று மூச்சை விட்டதும் வெங்காயத் தூசி மூக்கில் ஏறி, பெரிய தும்மல் ஒன்று.

போய்விடுவாள் என்று நினைத்தேன். திரை விலகியது. இடுப்பில் குழந்தை, கையில் பை. தும்மிய வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். என்னையும் வெங்காய மூட்டையையும் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அக்கா, நீங்கள் ஊரில எவடம்?"

என் ஊரைச் சொன்னேன், அவளிடம் திருப்பிக் கேட்கவில்லை. இதுவரை செய்த தொண்டிலே ஆகக் கஷ்டமானது அதுதான்.