இரண்டாவது காருக்கு நேரம் பார்த்தேன்

மெல்பேர்னில் என் கணவருக்குக் கிடைத்த இரண்டாவது வேலை, காரோட்டப் பந்தயத்தில் இறங்கும் ஒரு சிறு குழுவின் பட்டறையில். முதலில் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் என்று அவரைத்தான் முதலில் அனுப்பினார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மல்கிரேவில் வீடு வாங்கிக் குடிபுகுந்திருந்தோம். குசினி ஜன்னலுக்குத் திரைகூடப் போடவில்லை. இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

குழுவில் இரண்டு கார்கள். ஒரே மாதிரி, ஒரே நிறம். முதலாவதைக் கவனிப்பவன் ஒரு செம்மீசைக்காரன், இரண்டாவதை என் கணவர். ஓடுகிறவர்களின் சுற்று நேரத்தை எடுப்பது அந்தக் காலத்தில் மனைவிமாரின் வேலை. சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. நான் ஊரில் கணிதம் படிப்பித்தவள் என்று கேள்விப்பட்டதும் இரண்டு ஸ்டாப்வாட்ச்சுகளைக் கையில் திணித்துவிட்டார்கள். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, காதில் பஞ்சு என்ற கோலத்தில் மடக்குக் கதிரையில் உட்கார்ந்திருப்பேன்.

என் கணவருக்கு ஒருவரையும் சந்தேகிக்கத் தெரியாது. அவருக்கும் சேர்த்து நான் சந்தேகித்தேன். இறைச்சிக் கடையில் தராசு முள்ளைவிட்டு என் கண் நகராது. அப்படிப்பட்ட எனக்குச் செம்மீசைக்காரனை முதல் நாளே பிடிக்கவில்லை. தேவைக்கு மேல் சிரிப்பான்.

நான் சொல்ல வந்த பந்தயம் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றிப் போட்ட பாதையில் நடந்தது. முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த வருடத்து நீண்ட தூரப் போட்டிக்கு ஒரு காரைத்தான் கொண்டுபோவாராம், மற்றதை விற்றுவிடுவாராம். கார் போனால் அதைக் கவனிக்கிற ஆளும் போகவேண்டியதுதான். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சனிக்கிழமை பயிற்சி ஓட்டம். சுற்றுக்குச் சுற்று முதல் கார் எங்களைவிட ஒரு செக்கனுக்கு மேல் விரைவாக ஓடியது. முதலாளி அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, “அவர்களுடைய ஸ்பிரிங் இறுக்கமானது. எனக்கும் அதையே போடு” என்றான். என் கணவர் குந்தியிருந்து முதல் காரின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தார். மாற்றத் தயாராகிவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு ஏதோ உறுத்தியது. ஒரு வாட்ச்சில் முழுச் சுற்றையும், மற்றதில் பின்பக்கத்து நேர்பாதையை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாதை மேடேறும். வளைவுகளில் இரண்டு கார்களுக்கும் வித்தியாசமே இல்லை. மேட்டில்தான் முதல் கார் முந்திப்போகிறது. இறுக்கமான ஸ்பிரிங் வளைவில் உதவலாம், மேடேறுவதற்கு அது என்ன செய்யும்? இரண்டு எஞ்சின்களையும் பூட்டியவர் என் கணவர்தான். அப்படியானால் மிச்சம் இருப்பது பாரம். அதற்குப் பிறகு செம்மீசைக்காரனை விட்டு நான் கண்ணெடுக்கவில்லை. மூன்று நாலு சுற்றுக்கு ஒருமுறை காரை உள்ளே கூப்பிடுவான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சின்னத் தகரக் கானால் கொஞ்சம் பெற்றோல் ஊற்றுவான். திரும்பவும் அனுப்புவான்.

“இஞ்சாருங்கோ, அவன் பெற்றோல் தாங்கியை நிரப்பேல்லை. கார் பாரமில்லாமல் ஓடுது. முதலாளிக்குக் காட்டத்தான் இந்தப் பகிடியெல்லாம்.”

“சும்மா இரும். உமக்கு ஆரைப் பாத்தாலும் கள்ளன்தான்.”

“அப்ப மேட்டில மட்டும் ஏன் ஓடுறான்? நீங்கள் படிச்ச ஆள்தானே, சொல்லுங்கோ.”

அவர் வாட்ச்சுகளை வாங்கித் தானே நேரம் எடுத்தார். பிறகு மெதுவாக, “ஓம், அப்பிடித்தான் கிடக்கு” என்றார். செம்மீசைக்காரன் சிரித்தபடி கிட்ட வந்து, உங்கள் பாஷையில் என்ன இரகசியம் பேசுகிறீர்கள் என்று கேட்டான். சாப்பாட்டைப் பற்றி என்றேன். அவன் நம்பவில்லை. அன்று ஸ்பிரிங்கை மாற்றாமலே விட்டார் என் கணவர். ஓட்டுநர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு எல்லாரும் தாங்கியை நிரப்பத்தானே வேண்டும். மேட்டில் இருந்த வித்தியாசம் முதல் சுற்றிலேயே காணாமல் போனது. பாதிப் பந்தயத்துக்குப் பிறகு அந்த இறுக்கமான ஸ்பிரிங் முன் டயர்களைத் தின்னத் தொடங்கியது. முதல் கார் வளைவுகளில் வெளியே வெளியே வழுக்கியது. எங்கள் கார் அதைத் தாண்டி, கடைசிவரை முன்னாலேயே ஓடி முடித்தது. எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. எல்லாம் முடிந்தது, வேலை தப்பியது என்று நினைத்தேன்.

முதலாளி வந்தார். முதலில் செம்மீசைக்காரனிடம் கார் எப்படி என்று கேட்டார். “அருமையான கார். இன்றைக்கு டயர்தான் காலை வாரியது. நீண்ட போட்டியில் இதைப் பிடிக்க ஆளில்லை” என்றான் அவன், கண்ணிமைக்காமல். பிறகு என் கணவரிடம் கேட்டார். இவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, “ஏதோ ஓடியது. இன்றைக்கு அதிர்ஷ்டம். நீண்ட தூரத்துக்கு எப்படியோ, சொல்லத் தெரியாது” என்றார்.

எங்கள் ஆட்கள் இப்படித்தான். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்தாலும் ஏதோ படிக்கிறான் என்றுதான் சொல்வோம். நல்லது என்று வாயால் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். ஊரில் யாராவது கேட்டிருந்தால், ஓகோ, கார் பிரமாதம் போல என்று விளங்கிக்கொண்டிருப்பார்கள். இந்த முதலாளிக்கு அது எப்படித் தெரியும்? தன் காரில் தனக்கே நம்பிக்கை இல்லாத ஒரு மெக்கானிக்கைத்தான் அவர் பார்த்தார். மெல்லத் தலையாட்டிவிட்டு முதல் கார்ப் பக்கம் திரும்பினார்.

இரண்டு நாளாக நான் அடுத்தவனின் கானையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடி கெடுக்கிறவர் என் பக்கத்தில் கை துடைத்துக்கொண்டு நின்றார்.

கதிரையை விட்டு எழுந்து, “அது நல்ல கார்” என்றேன் ஆங்கிலத்தில். “இரண்டில் நல்லது அதுதான். அவருக்கும் அது தெரியும்.” என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. செம்மீசைக்காரனின் சிரிப்பு நின்றது.

முதலாளி என் கணவரைப் பார்த்தார். “உன் மனைவி சொல்வது சரியா?”

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. நிலத்தைப் பார்த்தார். “ஓம்” என்றார் தன்னை மறந்து தமிழில். பிறகு ஆங்கிலத்தில், “நல்ல கார். நான் செய்த கார். எவ்வளவு தூரமும் ஓடும்” என்றார்.

“அதை முதலே சொல்லியிருக்கலாமே” என்றார் முதலாளி. விற்பனைக்கு எடுத்து வைத்தது முதல் காரைத்தான்.

வீட்டுக்கு வந்து படலையைத் திறக்கும்போது என் கணவர், “நல்லதெண்டு சொல்லிப்போட்டீர். இனி காருக்கு ஏதும் நடந்தா?” என்றார்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் புறப்பட்ட மனிதர் குசினி வாசலில் தயங்கி நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் செத்தல் மிளகாயும் உப்பும் தாரும். மற்ற ஆக்கள் வரமுதல் காருக்குக் கண்ணூறு சுத்திப்போட்டு, பட்டறைக்கு வெளியில எரிச்சுவிடுறன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கைப்பிடி அள்ளிக் கட்டிக் கொடுத்தேன். நல்லது என்று சொன்ன வாய் என்னுடையது, எனக்கு அவரைவிடப் பயமாக இருந்தது.