காலியாக விட்ட கட்டம்

ஆஸ்பத்திரி மாடியின் கடைசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சராசரி. நோயாளிகளின் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் அலசி, எந்தத் தெருக்காரர்களுக்கு வைத்தியம் தாமதமாகிறது என்று கணக்குச் சொல்வது அவர் வேலை. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளை குட்டி கிடையாது. ஒண்டிக்கட்டை.

பணக்காரத் தெருவுக்கும் மில் தெருவுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று அறிக்கை தயாராகியிருந்தது. பெரிய டாக்டருக்கு வாயெல்லாம் பல். கணக்கு சுத்தமாக வரட்டும் என்று, உறவினர் போன் நம்பர் இல்லாத பதிவுகளை அரைகுறை என்று சராசரி முதலிலேயே கழித்திருந்தார். அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

அந்த வாரம் அவருக்கே குடலிறக்க ஆபரேஷன். பையும் கையுமாகக் கீழே இறங்கினார்.

"கூட யாரு சார் வந்திருக்கா?" என்றாள் நர்ஸ்.

"யாரும் இல்லம்மா."

"அய்யோ, ஆள் இல்லாம சேர்க்க மாட்டாங்களே! அண்ணன், தம்பி, யாரு நம்பராவது குடுங்க."

போனைத் துழாவினார். பால்காரர், கேஸ்காரர், பெரிய டாக்டர். கேட்டால் ஆபீஸில் யாராவது வந்திருப்பார்கள், கேட்கத்தான் வாய் வரவில்லை. நர்ஸ் பதிவில் உறவினர் நம்பருக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, "அடுத்த வாரம் யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றாள்.

படியேறும்போதுதான் பொட்டில் அறைந்தாற்போல் உறைத்தது. கட்டம் காலியாக இருந்தவர்கள் எல்லாரும் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். தாமதமானவர்களைப் பொறுக்கித் தூக்கி எறிந்துவிட்டுத் தாமதமே இல்லை என்று எழுதியிருக்கிறார், மகா புத்திசாலி!

கழித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்தார். பிழைக்க வந்து தனியாகக் கிடப்பவர்கள் நிறைந்த மில் தெருவின் தாமதக் கணக்கு எகிறிவிட்டது.

"கடைசி நேரத்துல என்னய்யா இது? அரைகுறைப் பதிவெல்லாம் எதுக்கு?" என்று சலித்துக்கொண்டார் பெரிய டாக்டர்.

"அரைகுறை இல்ல சார். அவங்களுக்கு யாரும் இல்ல, அவ்வளவுதான்."

'எனக்கும்' என்று சொல்ல வந்தவர் விழுங்கிக்கொண்டார்.

"சரி, வச்சிட்டுப் போங்க. பார்க்கலாம்."

அடுத்த வாரம் மறுபடியும் பையோடு போய் நின்றார். "இந்தத் தடவையும் தனியாவா சார்?" நர்ஸுக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மாடிக்கு வந்து, தாமதமானவர்களின் கணக்கில் தன் பதிவையும் சேர்த்தார். அன்று முழுக்க அவரோடு பேசியது அந்த நர்ஸ் ஒருத்திதான்.