லிப்டின் வட்டி

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய நான் எழுத வந்ததை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்தது சின்ன விஷயம். ஆனாலும் அதை யோசிப்பதை விட முடியவில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது எங்கள் தொடர்மாடி. லிப்ட் திருத்துவதற்கென்று எல்லா வீட்டாரும் மாதாமாதம் காசு போடுவோம். அதை வங்கியில் வைக்க ஒருவர் பெயர் வேண்டியிருந்தது. அதிகம் கதைக்காதவள் என்று என்னைப் பிடித்தார்கள். காசு சேர்ந்து என் பெயரில் நிலையான வைப்பானது.

இம்முறை வருமான வரி விபரத்தை ஒன்லைனில் கொடுக்க வேண்டும் என்றார்கள். இலகுவாக்கிவிட்டார்களாம், பாதி தானாகவே நிரம்பி வருமாம். மேல் வீட்டு அக்கா தன் கணினியில் திறந்தார். கொட்டாஞ்சேனை மருந்துக்கடையில் நான் வாங்கும் சம்பளத்தின் கீழே, லிப்ட் காசின் வட்டியும் சதம் பிசகாமல் நின்றது. என் சம்பளத்துக்கு வரி இல்லை. இரண்டையும் கூட்டியதும் வரி வந்துவிட்டது.

"அடியே, நீர் இவ்வளவு பணக்காரியெண்டு சொல்லவேயில்லையே!"

"அக்கா, அது லிப்டின்ர காசு."

"அப்ப லிப்டுக்கு ஒரு வரி நம்பர் எடுப்பம்."

எனக்கோ ஒரே ஆச்சரியம். என் வட்டியைச் சதம்வரை அறிந்த இயந்திரத்துக்கு, அது யாருடைய காசென்று தெரியவில்லை. 'என்னிடம் இருக்கிறது, என்னுடையதல்ல' என்று எழுத ஒரு கட்டமாவது இருக்குமென்று மேலும் கீழும் தேடினேன்.

வரித் திணைக்களத்தின் உதவி இலக்கத்துக்கு எடுத்து விஷயத்தைச் சொன்னோம். ஒரு பெண் தமிழில் கதைத்தார்.

"எக்கவுண்ட் உங்கட பேரில தானே, அம்மா?"

"ஓம், பிள்ளை."

"அப்ப வட்டியும் உங்கட வருமானம் தான். தொடர்மாடிக்காரர் ஒரு சங்கம் பதிஞ்சு, அதின்ர பேருக்கு மாத்துங்கோ. இந்த வருஷத்துக்கு ஒண்டும் செய்யேலாது."

எல்லோரிடமும் போய்க் கேட்பதைவிட என் சம்பளத்திலேயே கட்டிவிடலாம் என்றேன்.

"உமக்கென்ன விசரா?" என்றார் அக்கா. "கீழ் வீட்டில இருக்கிறீர். ஒருநாளாவது லிப்டில ஏறினனீரா? அதுக்கு வரி மட்டும் நீர் கட்டப்போறீரோ?"

அன்று மாலை தொடர்மாடியின் வாட்ஸ்அப் குழுவில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், "லிப்ட் காசுக்கு வரி வந்திருக்கிறது. எல்லோரும் ஒருக்கால் கீழே வாருங்கள்" என்று மட்டும் அனுப்பினேன். அந்தக் குழுவில் நான் எழுதிய முதல் செய்தி அது.

மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் நடந்தது. வரியை லிப்ட் காசிலிருந்தே கட்டுவதென்றும், சங்கம் பதிவதென்றும் முடிவானது. பொருளாளராக என் பெயரை எழுதினார்கள்.